சிற்றூருக்கும் வேண்டும் வீட்டுமனை

(திருப்பூர் வட்டார உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் துறை உதவிப் பேராசிரியர் ஆற்றிய உரை)



சின்ன வெங்காயத்தில் வரும் திருகல் நோயைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். அதைப் பிற்பகலில், வயலில் செடியைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவோம். இந்த ஒரு மணி நேரத்தை வேறொரு பொருளுக்கு எடுத்துக்கொள்ள முகாம் பொறுப்பாளரிடம் இசைவு வாங்கியிருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற முறை இங்கே வந்தபோது, கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, வெங்காயத்துக்கு நோவு வந்தா மருந்து சொல்றீங்க. எங்க ஊருக்கே நோவு வந்திருக்குது. அதுக்கு மருந்து இருக்குதுங்களா?" என்றார். விவரம் கேட்டேன். அவருடைய ஊரில் 28 வீடு. மகனுக்குக் கலியாணம் ஆகித் தனிக்குடித்தனம் வைக்கலாம் என்றால் நத்தத்தில் ஒரு சென்ட் இடம் கிடையாது. மகனும் மருமகளும் திருப்பூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் அதே ஊரிலிருந்து ஒரு கல் தொலைவில், தார்ச்சாலை ஓரத்தில், 400 மனை போட்டு விற்று முடித்தாயிற்று. வீடு கட்டிக் குடிவந்தவர்கள் ஐந்தாறு பேர். மற்றதெல்லாம் கல் நட்ட காடு. பார்த்தீனியமும் சீமைக்கருவேலும் தலைக்கு மேல் நிற்கின்றன.

"நாலு வீட்டுக்கு இடமில்லாத ஊருக்குப் பக்கத்துல நானூறு மனை சும்மா கெடக்குது. இது என்ன கணக்குங்க?" என்று கேட்டார். எனக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. இன்றைய பேச்சு அவருக்கான விடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உழவியல் படித்தவனுக்கு வீட்டுமனையில் என்ன வேலை என்று கேட்கலாம். எந்த நிலத்தில் எதை வைப்பது என்பதுதான் உழவியலின் முதல் பாடம். வீடும் நிலத்தில்தான் வைக்கப்படுகிறது. பயிரை மாற்றி வைத்தால் அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். வீட்டை மாற்றி வைத்தால் மூன்று தலைமுறைக்குத் திருத்த முடியாது.

நம் பக்கத்து ஊர்களின் அமைப்பு

தஞ்சைப் பக்கம் போனால் வீடுகள் எல்லாம் ஓரிடத்தில் நெருங்கி இருக்கும், சுற்றிலும் வயல். நம் கொங்குச் சீமையில் அப்படியன்று. கோயிலைச் சுற்றி ஒரு ஊர் இருக்கும். அதைவிட்டு விலகி, கிணறு உள்ள இடத்திலெல்லாம் தோட்டத்துச் சாளைகள் இருக்கும். ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டு நிலத்தில் கிணற்றை நம்பி வாழ்ந்தவர்கள் கிணற்றருகே குடியிருந்தார்கள். சற்றுத் தள்ளித் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு; அதை இன்று காலனி என்கிறோம். இப்படிப் பல குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் ஒரு ஊராட்சி. திருப்பூர் மாவட்டத்தில் 13 ஒன்றியங்களில் 265 ஊராட்சிகள் உள்ளன. குக்கிராமங்களை எண்ணினால் அதைப்போல் பல மடங்கு வரும்.

ஊருக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு நிலம் நத்தம். நத்தத்தின் எல்லை வெள்ளைக்காரன் காலத்து நில அளவையில் வரைந்தது. அன்று இருந்த குடும்பங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. குடும்பங்கள் பெருகின, நத்தம் பெருகவில்லை. தோட்டம் உள்ளவர்கள் தோட்டத்தில் சாளை கட்டிக்கொண்டார்கள். தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரே வீட்டில் நடுவே சுவர் வைத்தார்கள். அதுவும் முடியாதபோது திருப்பூருக்குப் போனார்கள்.

திருப்பூர் அவர்களை வரவேற்றது. 1981 கணக்கெடுப்பில் திருப்பூர் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 65 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் நகரும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 9 இலட்சத்து 63 ஆயிரம். 2008-இல் மாநகராட்சி ஆயிற்று. 2009-இல் மாவட்டத் தலைநகர் ஆயிற்று. 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. மாவட்ட மக்களில் 100-க்கு 61 பேர் நகர்ப்புறத்தில் வாழ்வதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பனியன் தொழில் சோறு போடுகிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. என் சித்தப்பா பிள்ளைகள் இருவர் கட்டிங் மாஸ்டர்கள்தாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்று காலை ஏழு மணிக்கு நான் இங்கே வரும் வழியில் பதினொரு கம்பெனி வேன்களை எண்ணினேன். எல்லாம் கிராமங்களுக்குள் சென்று ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகின்றன. வேலை நகரில் இருந்தாலும் வீடு ஊரில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வேன் ஊருக்கு வருகிறது. ஆனால் அதில் ஏறவேண்டிய இளைஞனுக்கு ஊரில் வீடு கட்ட இடமில்லை. அவன் லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறைக்கு மாதந்தோறும் வாடகை கொடுத்துவிட்டு, அப்பா அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

ஊர் சிறுத்தால் என்ன ஆகும்

இளம் குடும்பம் ஊரைவிட்டுப் போனால் முதலில் அடிபடுவது பள்ளிக்கூடம். குழந்தை நடந்து போகும் 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் தொடக்கப்பள்ளி இருக்கவேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. பள்ளி இருக்கலாம், பிள்ளைகள் வேண்டுமே! பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கை. நான் படித்த தொடக்கப்பள்ளியில் என் வகுப்பில் மட்டும் முப்பது பேருக்குமேல் இருந்தோம். போன தை மாதம் போய்ப் பார்த்தேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்துக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். சத்துணவு சமைக்கும் அம்மாள், "பாதி அரிசி வடிக்கறதுக்கு முழு அடுப்பு எரிக்கறேன் சாமி" என்றார்.

அடுத்து மளிகைக் கடை போகும். பிறகு நகரப் பேருந்து ஒரு நடையைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காது. வெங்காயம் பிடுங்க, தக்காளி பறிக்க, சோளத்தட்டு அறுக்க யாரைக் கூப்பிடுவது? இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த துன்பம்தான் இது.

சிறிய ஊர்களில் இனி வீடு வேண்டாம், எல்லோரையும் பெரிய ஊர்களில் குடியமர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணிய நாடுகளும் உண்டு. இங்கிலாந்தில் டர்ஹம் என்றொரு மாவட்டம். நிலக்கரிச் சுரங்கம் நிறைந்த பகுதி. சுரங்கங்கள் தீர்ந்துவரும் காலத்தில், 1951-இல் அந்த மாவட்டத்தின் வளர்ச்சித் திட்டம் ஊர்களை நான்கு வகையாகப் பிரித்தது. கடைசி வகையான 'டி' பிரிவில் 114 ஊர்கள். அந்த ஊர்களில் புதிய வீடு கட்டக்கூடாது. பழைய வீடு பாழானால் இடித்துவிடலாம். குடிநீர், சாக்கடை, சாலைக்குப் புதிதாகப் பணம் இல்லை. மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். முற்றிலும் இடிக்கப்பட்டவை சில ஊர்களே. 1977-இல் அந்தக் கொள்கையே கைவிடப்பட்டது. ஆனால் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் வீடு கட்ட முடியாத இளைஞர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்புவார்களா?

நம் நாட்டில் யாரும் அப்படி ஒரு பட்டியல் போடவில்லை. பட்டியல் போடாமலே அது நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்து வீட்டுக்காக இரண்டு கிலோமீட்டர் குடிநீர்க் குழாய் போடுவதும், அதே குழாயை நூறு வீட்டுக்குப் போடுவதும் ஏறக்குறைய ஒரே செலவுதான். புதிதாக ஓர் ஊரையே உண்டாக்குவதானால் இந்த வாதம் சரி. இருக்கிற ஊரில் பத்து வீடு கூட்டுவதற்கு இது பொருந்தாது. குழாய், மின்கம்பி, சாலை எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. வீடு கூடினால் தலைக்கு ஆகும் செலவு குறையத்தான் செய்யும்.

ஒரு சிறு கணக்கு

பெரியவரின் ஊரையே எடுத்துக்கொள்வோம். 28 வீட்டு ஊருக்கு அடுத்த பத்தாண்டுகளில் 12 வீடு தேவைப்படும் என்று வையுங்கள். கிராமத்தில் ஒரு மனைக்கு 3 சென்ட் கொடுப்பது வழக்கம். 12 மனைக்கு 36 சென்ட். பாதை, சாக்கடை, பொது இடம் சேர்த்தால் 55 சென்ட். அரை ஏக்கருக்குச் சற்று அதிகம்! ஒரு வாழை வயல் அளவுகூட இல்லை.

அந்தச் சாலையோர 400 மனையை இதே அளவில் கணக்கிட்டால் மனை மட்டும் 12 ஏக்கர். பாதையும் பூங்காவும் சேர்ந்தால் 18 ஏக்கருக்குமேல் போயிருக்கும். இனி மாவட்டம் முழுவதற்கும் பார்ப்போம். 265 ஊராட்சிகளும் ஆளுக்கு 2 ஏக்கர் ஒதுக்கினால் மொத்தம் 530 ஏக்கர். இப்படிப்பட்ட முப்பது சாலையோர மனைப்பிரிவுகளுக்குப் போகும் நிலம்தான் அது. அதைக்கொண்டு எல்லா ஊராட்சிகளிலும் குக்கிராமம் குக்கிராமமாக வீடு கொடுத்துவிடலாம்.

ஆகவே நிலம் இல்லை என்ற பேச்சு நிற்காது. நிலம் தவறான இடத்தில், தவறான அளவில் மனையாகிறது. சாலையோரத்தில் மனை போடுபவர் விலை ஏறும் இடத்தைப் பார்க்கிறார். அவர் தொழில் அது. எந்த ஊரில் எத்தனை குடும்பம் நெருக்கடியில் இருக்கிறது என்று பார்க்கவேண்டியது ஊராட்சியின் வேலை. அதாவது நம்முடைய வேலை.

எந்த நிலத்தை ஒதுக்குவது

இதில்தான் என் படிப்புக்கு வேலை வருகிறது. ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் பகுதியில் பெரும்பாலும் இரண்டு வகை மண். ஒன்று செம்மண். அதிலும் ஒரு முழம் தோண்டினால் சரளையும் பாறையும் தட்டுகிற மேட்டு நிலம் நிறைய உண்டு. மற்றொன்று கருமண். பருத்தி, சோளம், கொண்டைக்கடலை விளையும் ஆழமான மண். மழைக்கு உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பயிருக்கு நல்ல அந்த மண் கடைக்காலுக்குப் பகை. உப்பியும் சுருங்கியும் சுவரைப் பிளந்துவிடும். அதில் வீடு கட்டினால் கடைக்காலுக்கே பாதிப் பணம் போய்விடும். பயிருக்கு ஆகாத சரளை மேடோ கடைக்காலுக்கு மிகவும் உகந்தது. இயற்கை நமக்கு இவ்வளவு எளிதாக வழி காட்டியிருக்கும்போது, கருமண் காட்டில் மனைக்கல் நடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

மண்ணைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒதுக்க நினைக்கும் இடத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து குழி தோண்டுங்கள். இடுப்பளவு ஆழம் போதும். அதற்குள் சரளையோ கெட்டித் தரையோ தட்டினால் மனைக்கு ஆகும். அடிவரை கருமண்ணே வந்தால் குழியை மூடிவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் போய், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரளை மேடு என்றவுடன் கொரங்காடுதான் பலர் நினைவுக்கு வரும். அங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு வெறும் தரிசு அன்று. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடும் செம்மறியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. முளைத்துப் பரவப் பல ஆண்டு எடுத்த புல் அது. ஒருமுறை மண்வெட்டி இயந்திரம் ஓடினால் போய்விடும். ஊரை ஒட்டிய ஓரத்தில் அரை ஏக்கர் எடுத்தால் பெரிய கேடு இல்லை. நடுவில் கல் நட்டால் மீதிப் புல்வெளியும் மேய்ச்சலுக்கு ஆகாமல் போகும். வாசல்படியில் ஆடு மேய்க்க யாரும் விடமாட்டார்கள்.

பாசன நிலத்தைத் தொடாதீர்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்திலோ கீழ்பவானி வாய்க்காலிலோ மடை உள்ள நிலம் மனையானால் அந்த ஒரு வயலோடு கதை முடியாது. அதன் வழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் போகும் வயல்வாய்க்காலும் அறுந்துவிடும். கீழே இருப்பவன் தண்ணீர் வரவில்லையே என்று மதகுக்கு ஓடுவான். அடைப்பு நடுவழியில், யாரோ ஒருவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அடியில் இருக்கும்.

குட்டைக்கு நீர் வரும் ஓடையும் அப்படித்தான். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17-இல் தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். நம் முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டது. குழாய் வழியே தண்ணீர் குட்டைக்கு வந்துவிடும். ஆனால் குட்டை நிறைந்து வழியும் தண்ணீர் அடுத்த குட்டைக்குப் போகும் பள்ளம் மனையாகிவிட்டால்? மழை பலமாகப் பெய்யும் ஆண்டில் அது வீட்டுக்குள் வந்து சேரும். புலப்பட வரைபடத்தில் ஓடையும் வண்டித்தடமும் கோடு போட்டுக் காட்டியிருக்கும். மனைக்கு இடம் பார்க்கும்போது அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளது.

இன்னும் இரண்டு செய்திகள். கழிப்பறைக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல், கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்கவேண்டும். பாறை வெடிப்புள்ள இடமானால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும். வெடிப்பு வழியே அழுக்கு நெடுந்தூரம் போகும். மற்றொன்று மருந்தடிப்பு. தக்காளி, பருத்தி வயலை ஒட்டி வீடு வந்தால், நீங்கள் அடிக்கும் மருந்து காற்றில் சமையலறைக்குப் போகும். நாளைக்கு அதுவே சண்டையாகும். இடையில் இருபது அடி விட்டு வேலி மரம் இரண்டு வரிசை வைத்துவிடுங்கள். மனை கொடுக்கும் நாளிலேயே இதைச் செய்யவேண்டும். வீடு வந்தபின் யாரும் இடம் விடமாட்டார்கள்.

இடம் பார்க்காமல் செய்ததன் பலனை நொய்யல் கரையில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயப் பட்டறைகளை எங்கே வைப்பது, கழிவு எங்கே போகும் என்று முன்பே கேட்டிருந்தால் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் சாயநீர்த் தேக்கமாகியிருக்காது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிருக்காது. அன்று தொழிலுக்குச் செய்த தவற்றை இன்று வீட்டுக்குச் செய்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வேண்டும். ஊராட்சி மட்டும் முத்திரை குத்தினால் போதாது; நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப இசைவு வேண்டும். முழுமைத் திட்டம் இல்லாத பகுதியில் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றவும் தனியாக அனுமதி பெறவேண்டும். வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பத்திரம் போட முடியாமல் எத்தனை பேர் அலைந்தார்கள்! 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குமுன் போட்ட மனைப்பிரிவுகளுக்கே அந்தச் சலுகை.

'நிலத்தை விற்காதீர்கள்' என்று சொல்ல நான் யார்? மகள் கலியாணம் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுக் கடன் இருக்கும். சென்ட் விலையில் கேட்டு ஒருவன் வந்து நிற்கும்போது ஏக்கர் வருமானத்தைக் காட்டி ஒருவரைத் தடுக்க முடியாது. நான் சொல்வது வேறு. உங்கள் ஊருக்கு வீடு தேவைப்படும்போது அந்தத் தேவைக்கு ஏற்ற இடத்தை நீங்களே முன்கூட்டிக் குறித்துவையுங்கள். குறித்துவைக்காத ஊரில் இடத்தை வேறொருவர் குறிப்பார்.

காலனியின் தேவை

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். மனை நெருக்கடி எங்கே மிகுதி என்று கேட்டால், ஊர்த் தெருவைவிடக் காலனியில்தான். ஊராருக்குத் தோட்டம் உண்டு, சாளை கட்டிக்கொள்ளலாம். காலனியில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மாமியார் திண்ணையில், மூத்த மகன் உள்ளறையில், இளையவன் தகரக் கொட்டகையில். ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் நிலம் எடுக்க அரசு வரும்போது, 'என் காட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்' என்று முதலில் மனு எழுதுவது யார்? கை தூக்கச் சொல்லமாட்டேன்.

வெங்காயம் பிடுங்க ஆள் வேண்டும் என்கிறோம். ஆள் இருக்க இடம் வேண்டாம் என்கிறோம். ஆளைக் கட்டிவைப்பதற்காக மனை கொடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் காலம் போயிற்று. முன்பு பண்ணையார் இடத்தில் குடிசை போட்டவன், பண்ணையார் முகம் சுளித்தால் சட்டிபானையைத் தூக்கவேண்டும். அதனால்தான் 1971-இல் குடியிருப்போருக்கே குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. மனை அவரவர் பெயரில் பட்டாவோடு இருக்கவேண்டும். வீடு அவர் வீடு. வேலைக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம். கம்பெனி வேனில் ஏறிப் போனாலும் அவர் பிள்ளை நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கும்.

பட்டா இல்லாததால் இழப்பதும் சிறிதன்று. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. ஆனால் காலடியில் சொந்த மனை வேண்டும். மனை இல்லாத ஏழைக்கு வீட்டுத் திட்டம் எட்டாக்கனி. ஏழையிலும் ஏழை வரிசையில் நிற்கவே முடிவதில்லை.

எப்படித் தொடங்குவது

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அங்கேதான் வைக்கப்படுகிறது. அதில் சாலை, தெருவிளக்கு, சாக்கடை என்று எழுதுகிறோம். 'குக்கிராமவாரியாக வீட்டுமனைத் தேவை' என்று ஒரு பக்கம் எழுதிய ஊராட்சியை நான் இதுவரை பார்க்கவில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே.

முதலில் கணக்கெடுங்கள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரே வீட்டில் எத்தனை குடும்பம், திருப்பூரில் வாடகைக்கு இருப்பவர்களில் இடம் கிடைத்தால் திரும்புவோர் எத்தனை பேர். இதைப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் 'பார்க்கலாங்க' என்பார்கள். மருமகள் சரியான விடை சொல்வாள்.

பிறகு கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு புல எண்ணும் பட்டாவா புறம்போக்கா, புறம்போக்கானால் எந்த வகை என்று அதில் இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கை மனதில்கூட நினைக்கவேண்டாம். மேய்ச்சல் நிலமும் பொதுச் சொத்து. ஊர்ப் பொது நிலங்களைக் காக்கவேண்டும் என்று 2011-இல் உச்சநீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. தீர்வை ஏற்பட்ட தரிசு இருந்தால் அதைக் கேளுங்கள். திருப்பூர் மாநகரை ஒட்டிய ஊர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நகரங்களின் சுற்றுவட்டத்தில் புறம்போக்கைப் பட்டாவாகக் கொடுக்க 1962 முதல் தடை இருந்துவந்தது. 'பெல்ட் ஏரியா' என்பார்கள். 2025 பிப்ரவரியில்தான், ஆட்சேபணையற்ற புறம்போக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் ஏறத்தாழ 86 ஆயிரம் பேருக்கு மாநில அளவில் பட்டா கொடுக்க அரசு முடிவெடுத்தது. அப்படிக் குடியிருப்பவர்கள் உங்கள் ஊரிலும் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தரிசு இல்லாத ஊரில் பட்டா நிலம்தான் வழி. ஊரை ஒட்டிச் சரளை மேடு வைத்திருப்பவர் அரை ஏக்கர், ஒரு ஏக்கரை ஊராட்சியின் ஏற்பாட்டில் நியாய விலைக்குக் கொடுக்கலாம். அரசே பேசி வாங்கிக் கொடுக்கவும் வழி உண்டு. சாலையோர விலை கிடைக்காது, உண்மைதான். ஆனால் அந்த மேட்டில் வாங்கும் கொள்ளுக்கும் சோளத்தட்டுக்கும் இது குறைந்த விலையும் அன்று.

முழுமைத் திட்ட எல்லைக்குள் வரும் ஊர்கள் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும். அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு புல எண்ணும் குடியிருப்பு, தொழில், விவசாயம் என்று வண்ணம் தீட்டப்படுகிறது. சாலையோரத்துக்குக் குடியிருப்பு வண்ணமும் உள்ளூர்களுக்கு விவசாய வண்ணமும் விழுந்துவிட்டால், நத்தத்துக்கு வெளியே ஒரு மனை போடுவதற்கும் நீங்கள் சென்னை வரை நடக்கவேண்டும். வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்ல மக்களுக்குக் காலம் கொடுப்பார்கள். அப்போது வெறுமனே எதிர்ப்பு எழுதாமல், இன்ன புல எண்ணில் இத்தனை சென்ட், இத்தனை குடும்பத்துக்கு என்று கணக்கோடு எழுதுங்கள். கணக்கோடு வரும் மனுவை எளிதில் ஒதுக்க முடியாது.

ஐயா, உங்கள் ஊருக்கு வருகிறேன். ஊருக்கு மேற்கே கோயில் தோட்டத்தைத் தாண்டி ஒரு மேடு இருப்பதாகச் சொன்னீர்களே, கொள்ளு மட்டும் விதைப்பது என்று. அதில் ஐந்து குழி தோண்டிவையுங்கள். வெங்காயத் திட்டுக்காக வரும் வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். காலை எட்டு மணிக்குள் வந்தால் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் புலப்பட வரைபடத்தின் நகல் ஒன்று வாங்கிவையுங்கள். காலனியிலிருந்தும் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள்.

இப்போது வெங்காய வயலுக்குப் போகலாம்.